இரண்டாம் முறை கேட்காத ஊர்

மாண்ட்ரியலில் எனக்கு முதலில் கிடைத்தது தூக்கம். மகள் நிவேதாவின் வீட்டு சோபாவில் சற்றே சாய்ந்தவள் மறுநாள் மாலைதான் முழுதாக எழுந்தேன். இடையில் கண் திறந்தபோதெல்லாம் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. ஒரு முறை மணி கேட்டேன். இரவு எட்டு என்றாள். வெளியே நம்மூர் ஐந்தரை மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து மறுபடி தூங்கிவிட்டேன்.

திருச்சியில் அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை நான். மே மாதம் எங்களுக்கு விடுமுறை. அக்னி நட்சத்திரத்துக்குத் தப்பித்த மாதிரியும் ஆயிற்று, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று கிளம்பி வந்திருந்தேன். வில்லரே என்ற பகுதியில் அவளுக்கு ஒரு மாடி வீடு. மாடிப்படி வீட்டுக்கு வெளியே, வெறும் இரும்பில், வளைந்து தெருவுக்கு இறங்குகிறது. பனி கொட்டும் ஊரில் படிக்கட்டை வெளியில் வைத்த புத்திசாலி யார் என்று கேட்டேன். மகள் முழங்கையைத் தடவிக்கொண்டாள். ஒரு தடவையாவது விழுந்திருப்பாள் என்று தோன்றியது.

கீழ் வீட்டில் சிவகௌரி. யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவன், பத்து வயது மகள், ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. குளிர்காலம் முழுக்க அந்தச் செடியை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். நான் எழுந்த செய்தி கேட்டதும் இடியப்பம், சொதி, சம்பல் எல்லாவற்றோடும் மேலே வந்தாள். ஊரில் அவளும் கணக்கு டீச்சர். அவ்வளவுதான், இருவரும் பின்னக் கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். பகுதி வேறுபட்ட பின்னங்களைக் கூட்டும்போது திருச்சிப் பிள்ளை செய்யும் அதே தப்பை மாண்ட்ரியல் பிள்ளையும் செய்கிறதாம். நிவேதா காதில் பாட்டுக் குழாயை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இங்கே கௌரி இன்னும் முழு டீச்சர் ஆகவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் மதிய இடைவேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சாப்பாட்டுப் பெட்டியின் மூடி திறந்து கொடுப்பது, சிந்தினால் துடைப்பது, சண்டை விலக்குவது. ஏதாவது ஆசிரியர் வரவில்லை என்றால் அன்றைக்கு மட்டும் வகுப்பெடுக்க அழைப்பார்கள். வருஷக்கணக்காக மாலையில் பல்கலைக்கழகம் போய்ப் படித்து, பாடம் நடத்தும் அனுமதியை இப்போதுதான் வாங்கியிருந்தாள்.

வெளிநாடு போனால் அருங்காட்சியகம் பார்ப்பவர்கள் உண்டு, அருவி பார்ப்பவர்கள் உண்டு. எனக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். மறுநாள் தனியாக பஸ் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தில் பஸ் நின்றது, நான் பின்கதவின் முன்னால் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் அதே கதைதான். மூன்றாவது இடத்தில், ரொட்டிப் பொட்டலம் வைத்திருந்த கிரேக்கப் பெரியவர் ஒருவர் என் தோளுக்கு மேலாகக் கை நீட்டிக் கதவின் மஞ்சள் பட்டையைத் தொட்டார். கதவு திறந்தது. தொட்டால்தான் திறக்குமாம். எங்கள் ஊர் பஸ்ஸில் கதவு என்ற ஒன்று இருக்கிறதா என்றே நாங்கள் யோசித்ததில்லை.

இறங்க வேண்டிய இடத்தை நோக்கி நடந்தே திரும்பினேன். பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் நேரம்தான் முதலில் காணாமல் போகிறது, பிறகு ஊரும். ஒரு கடையில் பஞ்சாபி ஜிலேபி, அடுத்ததில் கிரேக்கக் காபி, அதற்கடுத்து முருங்கைக்காயும் பச்சை மிளகாயும். எங்கிருந்தோ கொத்து ரொட்டி தட்டும் சத்தம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் பாதியை யாரோ எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தது. தூக்கமும் இன்னும் முழுதாகத் தெளியாததால், எதிரில் வருகிறவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு பெண்மணியைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லிவிட்டேன். அவரும் சிரித்து 'போன்ஜூர்' என்றார்.

பள்ளிக்கூடத்துக் கம்பி வேலிக்கு வந்தபோது இடைவேளை. பிள்ளைகளைக் கண்டதும் தலை எண்ணுவது ஆசிரியர்களின் வியாதி. என்னால் எண்ண முடியவில்லை. வங்காளதேசத்துப் பிள்ளைகள், ஹெய்ட்டிப் பிள்ளைகள், சீக்கியக் குடுமிகள், அல்ஜீரியாவின் சுருட்டை முடிகள், நம் யாழ்ப்பாணத்து மூக்குகள், எல்லாம் ஒரே பந்தின் பின்னால் ஓடின. எல்லோரும் பிரெஞ்சில் சண்டை போட்டார்கள். மேப்பிள் மரங்கள் அப்போதுதான் துளிர் விட்டிருந்தன. அந்த இளம்பச்சை வெளிச்சத்தில் அவ்வளவு முகங்களும் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் பெரியவர்களைப் பார்த்தேன். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டு முற்றத்தில் நின்றவர்கள் கௌரியும், இரண்டு ஹெய்ட்டிப் பெண்களும். கட்டட வாசலில் காபிக் கோப்பையோடு நின்ற ஆசிரியர்களில் பெரும்பாலோர் வெள்ளை முகங்கள். உயரமான கறுப்பினப் பெண் ஒருவர் இருந்தார், மீசை வைத்த அல்ஜீரியர் ஒருவர் இருந்தார். முற்றத்தில் உலகம் முழுக்க இருந்தது, வகுப்பு வாசலில் அவ்வளவு இல்லை.

குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. எங்கள் பள்ளியில் இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். ஆறே மாதத்தில் தமிழில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆசிரியர் அறையில் எங்களில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை ஒடியா தெரியாது. அது ஒரு விஷயமாக, வேறொரு நாட்டு வேலிக்கு வெளியே நிற்கும்வரை, எனக்குப் பட்டதே இல்லை.

கழுத்தில் விசில் தொங்கவிட்ட இளம் ஆசிரியை ஒருவர் வேலியருகே வந்து, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். கௌரி ஓடிவந்து பிரெஞ்சில் ஏதோ சொல்லி என்னைக் காப்பாற்றினாள். அவர் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இப்பிடிக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு பிள்ளையளைப் பாத்துக்கொண்டு நிண்டா இங்க பயப்பிடுவினம்."

எங்களூரில் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யாராவது ஒரு பிள்ளைக்கு மாமாவாக இருப்பார் என்றேன். சிரித்தாள். அவள் தமிழில் பேசியதைக்கூட யாரும் கேட்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்குள் பிள்ளைகளோடு பிரெஞ்சு மட்டும்தானாம். நம் பிள்ளைகள் என்றாலும் அப்படியே. அவர்கள் பாஷை பழக வேண்டுமே, அது நியாயம்தான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். கௌரியின் கணவர் கார் ஓட்ட, நான் வழியெல்லாம் தூங்கினேன். கண் விழித்தால் கோபுரம். பட்டு வேட்டியும் குளிர்ச் சட்டையும் சேர்ந்து போட்டவர்கள், காலணி வைக்கும் இடத்தில் மலை மலையாகச் சப்பாத்து. அர்ச்சனை முடிந்து பிரசாதப் புக்கையோடு, அதாவது நம்மூர்ப் பொங்கலோடு, உட்கார்ந்தபோது, ஒரு விஷயம் கதைக்க வேண்டும் என்று கௌரி என்னை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

நாலாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை வேறு ஊருக்குப் போகிறார். செப்டம்பரிலிருந்து அந்த வகுப்புக்கு ஆள் வேண்டும். பத்து நாளுக்கு முன் தாழ்வாரத்தில் வைத்து அதிபர், அதாவது தலைமையாசிரியை, கௌரியைக் கேட்டிருக்கிறார். நீ எடுக்கிறாயா?

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு அவ்வளவு அனுபவம் காணாது, என்னைவிடத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம் எண்டு சொன்னனான்."

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

"ஓம். அவ, சரி விளங்குது எண்டிட்டுப் போட்டா. பேந்தும் ஒருக்கா கேப்பா எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன் அக்கா. இன்னும் கேக்கேல்லை."

எனக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கச் சொல்லி எங்கள் அதிகாரி கேட்டபோது நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு என்னங்க தெரியும், வேறு யாருக்காவது கொடுங்க என்றேன். அவர் மறுபடி கேட்டார். மறுபடி மறுத்தேன். மூன்றாவது முறை, நீங்கதான் எடுக்கணும் என்றார், எடுத்தேன். நம்மிடம் முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது. கேட்டவுடனே சரி என்பவளை, அலைகிறாள் என்பார்கள். மரியாதை தெரிந்த பெண் காத்திருக்கிறாள், அதிபர் அம்மாதான் கொஞ்சம் மந்தம் என்று கௌரிக்கு ஆறுதல் சொன்னேன்.

அவள் புக்கையைக் கிண்டியபடியே இருந்தாள். போன மாதம் ஒரு நாள் வகுப்பெடுக்க அழைத்தார்களாம். பலகையில் தேதி எழுதித் திரும்பினால், வங்காளதேசத்துப் பெண் குழந்தை ஒன்று கை தூக்கி, டீச்சர் எப்போது வருவார் என்று கேட்டதாம். நான்தான் இன்றைக்கு டீச்சர் என்றாளாம் கௌரி.

"பிள்ளை சிரிச்சுது அக்கா. பகிடி எண்டு நினைச்சிட்டுது. பின்னேரம் வரைக்கும் கதவையே பாத்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையும் என்ர நிறம்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுகள் கதவைப் பாக்காம என்னைப் பாக்க வேணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்."

முருகனிடம் எனக்காகக் கேட்க வைத்திருந்த முழங்கால் வலியை ஒத்திவைத்துவிட்டு இவள் விஷயத்தைச் சொன்னேன்.

மாலையில் இரும்புப் படியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது கதையை நிவேதாவிடம் சொன்னேன். கௌரி கீழ்ப்படியில் இருந்தாள். என் மகள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, இங்க வேண்டாம்னா வேண்டாம்தான். ரெண்டாவது தடவை கேக்க மாட்டாங்க."

"ஏன், அவ நல்ல மனுசி பிள்ளை."

"நல்லவங்கறதாலதான் கேக்கல. நீங்க முடியாதுன்னு சொல்லிட்டீங்க, திரும்பக் கேட்டா வற்புறுத்துற மாதிரி ஆயிடும்னு நினைப்பாங்க. உங்க பேச்சுக்கு அவங்க மரியாதை குடுக்கறாங்க."

வந்த புதிதில் இவளுக்கும் ஆபீசில் இதே அனுபவமாம். வாடிக்கையாளர் முன்னால் நீ பேசுகிறாயா என்று கேட்க, வேறு யாராவது பேசட்டுமே என்று அடக்கமாகச் சொல்லியிருக்கிறாள். வேறு யாரோ பேசினார்களாம், பதவி உயர்வும் அந்த வேறு யாருக்கோ போனதாம். இதை எனக்கு அவள் போனில் சொன்னதே இல்லை.

கௌரி தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "அப்ப நான் வேண்டாமெண்டா சொல்லிப்போட்டன்?" என்றாள், தனக்குத்தானே.

அடுத்த வருஷ வகுப்புகளை அந்த வாரத்துக்குள் முடிவு செய்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமையே அதிபர் அறைக்குப் போனாள். போய், ஸ்டேப்ளர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு வாய் இருந்தது, நாலு பாஷையில் இருந்தது, தனக்காகக் கேட்க மட்டும் வரவில்லை. மாலையில் அவள் சமையலறையில் நான் அதிபராக நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் அடுப்படியிலிருந்து வந்து கேட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் 'உங்களுக்குச் சிரமம் இல்லையெண்டால்' என்றுதான் ஆரம்பித்தாள். சிரமம்தான், போ என்று நான் துரத்திவிட்டேன். அவளுடைய மகள் வாசலில் நின்று, எங்கள் இருவருக்கும் பைத்தியம் என்று பிரெஞ்சில் சொன்னாள். அதைக் கௌரி மொழிபெயர்க்கவில்லை, எனக்கே புரிந்தது.

பகலில் நான் ஊர் சுற்றினேன். பிரெஞ்சு ஃபிரையின் மேல் பாலாடைக்கட்டியைப் போட்டுக் குழம்பு ஊற்றித் தருகிறார்கள், பூட்டீன் என்று பெயர். கடித்தால் கட்டி கீச்சென்று சத்தம் போடுகிறது. புதுசு என்பதற்கு அதுதான் அடையாளமாம். சாப்பிட்டுவிட்டுப் பூங்காவில் லைலாக் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். அந்தப் பூவுக்கு ஒரு வாசனை உண்டு, மல்லிகையும் இல்லை, பன்னீரும் இல்லை. பாதித் தூக்கத்தில், எதிரே விளையாடும் பிள்ளைகளுக்கு நான் திருச்சித் தமிழில் கணக்கு நடத்துவதாகவும் அவர்கள் புரிந்துகொண்டு தலையாட்டுவதாகவும் ஒரு கனவு வந்தது. நல்ல கனவு. எழுந்தபோது மடி நிறைய ஊதா இதழ்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் வசந்த விருந்து. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பதார்த்தம் கொண்டுவந்து முற்றத்தில் மேசை போட்டு வைப்பார்கள். கௌரி ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்திருந்தாள். நிவேதா அரை நாள் லீவு போட்டு என்னோடு வந்தாள். ஹெய்ட்டிக்காரர்களின் வறுத்த பன்றி இறைச்சி, பஞ்சாபி சமோசா, கீரை வைத்த கிரேக்கப் பை, மீசை வைத்த அல்ஜீரிய ஆசிரியர் பெரிய அண்டாவிலிருந்து அள்ளிப் போட்ட கூஸ்கூஸ். ரவை உப்புமாவுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டாவது முறையும் வாங்கினேன்.

அதிபர் நெட்டையான வெள்ளைக்காரப் பெண்மணி, சைக்கிள் தொப்பியைக் கழற்றிய முடி அப்படியே படிந்திருந்தது. கௌரியின் மேசைக்கு வந்து ரோல்ஸைக் கடித்துக் கண்ணை மூடினார். நான் கௌரியின் முதுகில் விரலால் ஒரு குத்துக் குத்தினேன். அவள் பேச ஆரம்பித்தாள். நிவேதா என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அந்த நாலாம் வகுப்பு எனக்கு வேணும். அன்னிக்கு நான் சொன்னது மரியாதைக்கு. என்னால நல்லா செய்ய முடியும்."

அதிபர் மெல்லுவதை நிறுத்தினார். முகம் நிஜமாகவே வாடிவிட்டது. வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு உனக்கு முடியவில்லையாக்கும், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தேன் என்றார். புதன்கிழமைதான் அந்த வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தாராம். கூஸ்கூஸ் அண்டாவின் பக்கம் கை காட்டினார். அந்த அல்ஜீரியர் தன் நாட்டில் பௌதிக ஆசிரியர். இங்கே அவரும் வருஷக்கணக்காக யாராவது வராத நாளில் வகுப்பெடுத்துக் காத்திருந்தவர். கேள்வியை முடிப்பதற்குள் சரி என்றுவிட்டாராம். நாங்கள் பார்ப்பதைக் கண்டு அவர் கரண்டியைத் தூக்கி, கௌரியைச் சாப்பிட வரும்படி கூப்பிட்டார். அந்த மனிதர்மேல் கோபப்படவும் வழியில்லை. கௌரி தலையை ஆட்டிவிட்டு ரோல்ஸ் தட்டைச் சரிசெய்தாள். எனக்கு அழுகை வந்தது. ஊரில் என்றால் இந்நேரம் யாராவது நடுவில் புகுந்து பேசியிருப்பார்கள்.

அதிபர் போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே ஏதோ யோசித்தார். புதிதாக வரும் பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு உண்டு. எந்தெந்த நாட்டிலிருந்தோ, ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாமல், வருஷத்தின் நடுவில்கூட வந்துகொண்டே இருப்பார்கள். கஷ்டமான வகுப்பு, இதுவரை யாரும் கை தூக்கவில்லை, நீ எடுக்கிறாயா என்றார். வீட்டில் பேசி, யோசித்துத் திங்கட்கிழமை, என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கௌரி, "ஓம்" என்றாள். அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது. பிறகு பிரெஞ்சில் சொன்னாள். அதிபர் சிரித்து, தன் இரண்டு கைகளுக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் கௌரி என் பக்கம் திரும்பினாள். ஆரஞ்சுச் சட்டையில் எண்ணெய்க் கையைத் துடைத்தாள்.

"அக்கா, நான் அவசரப்பட்டிட்டனோ? ஒருக்காவெண்டாலும் வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமோ?"

"வாயைத் திறந்தீங்கன்னா கொன்னுடுவேன். அழுத பிள்ளை பால் குடிச்சாச்சு, பேசாம இருங்க."

என் குரல் வகுப்பறைக் குரல். மூன்றாவது மேசை வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். நிவேதா வெட்கத்தில் சமோசாப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தச் சிறுமி வந்தாள். ஏழு வயது இருக்கும், முட்டிக்குக் கீழே தொங்கும் புதுக் குளிர்ச் சட்டை. அந்த வாரம்தான் வவுனியாவிலிருந்து வந்தவள் என்று பிறகு தெரிந்தது. கூட்டத்தின் மறுபக்கம் நின்றவள் எங்கள் தமிழைக் கேட்டுத்தான் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், கௌரியைப் பார்த்தாள். இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர்," என்றாள் கௌரியிடம். "ஒண்டுக்குப் போகட்டோ?"

அந்தப் பள்ளியில் கௌரியை எல்லோரும் 'மடாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பழக்கத்தில் பிரெஞ்சுக்காகத் திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். அந்தச் சின்ன முகத்தின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"காலமையில இருந்து போகேல்லையோ அம்மா?"

"இல்லை டீச்சர். இங்க எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியேல்லை."

கௌரியின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க நேரமில்லை.

"எனக்கும் இண்டைக்குத்தான் தெரிஞ்சது," என்றாள். "வாங்கோ, கெதியா வாங்கோ."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.